நான்கு தவணையில் போன 11 ஆண்டு வீட்டு வரி

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 66. கணவர் காலமாகிவிட்டார். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் 2,400 சதுர அடியில் மாடி வீடு, என் பெயரில் இருக்கிறது. பென்ஷன் 41,000 ரூபாய். இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், அங்கே விலை கூடிய வீடுகளுக்குத் தனியாக வரி போடப் போகிறார்கள் என்றான். இங்கும் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே அரையாண்டு வீட்டு வரி 2,150-லிருந்து 4,300 ஆகி, இப்போது 4,550-இல் நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் என் கொழுந்தனின் ஹார்டுவேர் கடை முங்கிப்போனது. என் வீட்டை அடமானம் வைத்து 18 லட்சம் எடுத்துக் கொடுத்தேன். 11.5 சதவீத வட்டி, பத்து வருடம். தவணை அவர்தான் கட்டுகிறார். போன வருடம் நான்கு மாதம் நான் கட்டினேன். இப்போது, "மாடியை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள் மதினி, வரி பாதியாகிவிடும்" என்கிறார். கடனில் இன்னும் 8 லட்சம் டாப்-அப் வாங்கி, 5 லட்சத்தைக் கடைக்கும் 3 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டால், மாதாமாதம் எஸ்.டபிள்யூ.பி. (போட்ட முதலீட்டிலிருந்து மாதம் ஒரு தொகை எடுக்கும் திட்டம்) பணம் வரும், அதிலேயே வரி கட்டிவிடலாம் என்று ஒரு ஏஜென்ட்டையும் கூட்டிவந்தார். இந்த வயதில் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கும்படி ஆகிவிடுமோ?

பதில்: டீச்சர், ஆகாது. ஆனால் தவணை கட்ட முடியாமல் வீடு போகலாம். உங்கள் கடிதத்தில் பயமெல்லாம் வரியைப் பற்றித்தான் இருக்கிறது, கடனைப் பற்றி இல்லை. எனக்குக் கவலை அந்தக் கடனில்தான்.

முதலில் வரியை முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் சொன்னது உண்மை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2028 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வரும். 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,500 பவுண்டில் தொடங்கி, 50 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் போகிற வீட்டுக்கு 7,500 பவுண்டு. 20 லட்சம் பவுண்டு என்றால் நம் பணத்துக்கு 20 கோடிக்கு மேல். பெருமாள்புரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரில் வரி போடும் முறையே வேறு. மாநகராட்சி உங்கள் வீட்டின் சந்தை விலையைப் பார்ப்பதில்லை. எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா என்றுதான் பார்க்கிறது. பெரிய வீட்டுக்குக் கூடுதல் வரி என்பது 2022-இலேயே வந்துவிட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம் கூட்டினார்கள், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். உங்கள் 2,150 ரூபாய் 4,300 ஆனது அதனால்தான். ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டவும் இப்போது விதி இருக்கிறது.

இது நியாயமா என்று கேட்டால், நியாயம்தான் என்பேன். தெருவிளக்கும் சாக்கடையும் குப்பை வண்டியும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. 2,400 சதுர அடி வீட்டுக்காரர், 500 சதுர அடி ஓட்டு வீட்டுக்காரரைவிடக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. கோடி ரூபாய் வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் நான் எதிர்க்கமாட்டேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். வீடு பெரிதாக இருந்து கையில் பென்ஷன் மட்டுமே உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு, கூடுதல் பாகத்தை வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வசூலிக்கும் ஏற்பாடு வேண்டும். இடம் பெருத்தவர் எல்லோரும் பணம் பெருத்தவர் இல்லை. சரி, அது அரசாங்கம் யோசிக்க வேண்டியது.

இப்போது கணக்குக்கு வருவோம். 18 லட்சத்துக்கு 11.5 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 25,300 ரூபாய். போன வருடம் நீங்கள் கட்டிய நான்கு தவணை 1,01,200. உங்கள் வீட்டு வரி வருடத்துக்கு 9,100. ஆக, 11 வருட வீட்டு வரியை நான்கே மாதத்தில் கொழுந்தனுக்காகக் கட்டியிருக்கிறீர்கள். நாளைக்கே வரி இரண்டு மடங்கானாலும், கூடுதலாகப் போவது வருடத்துக்கு 9,100. மாதம் 760 ரூபாய்கூட இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். இரண்டு வருடத்தில் 24 தவணை, ஏறத்தாழ 6 லட்சம் போயிருக்கிறது. அசலில் குறைந்தது 2 லட்சம் சொச்சம்தான். இன்னும் 15.8 லட்சம் பாக்கி நிற்கும். அதன் மேல் 8 லட்சம் ஏற்றி மறுபடி பத்து வருடம் என்று எழுதினால் தவணை 33,500 ஆகும். உங்கள் பென்ஷனில் மிஞ்சுவது 7,500. கடை ஒரு மாதம் தூங்கினால் நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்?

அந்த எஸ்.டபிள்யூ.பி. யோசனை இப்போது எல்லா ஏஜென்ட்டும் சொல்வது. கையில் சும்மா இருக்கும் பணத்துக்கு அது பொருந்தலாம், கடன் வாங்கிச் செய்யும் காரியம் இல்லை. 3 லட்சத்துக்கு வருடத்துக்கு 34,500 வட்டி, அதுவும் 9,100 ரூபாய் வரி கட்டுவதற்காக! பங்குச் சந்தை இறங்கும் வருடத்தில் உங்கள் அசலையே எடுத்து உங்களுக்கு மாதப் பணமாகத் தருவார்கள். வேண்டவே வேண்டாம்.

செட்டில்மென்ட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெயர் மாற்றினால் வரி குறையாது. சதுர அடி அப்படியேதான் இருக்கும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அந்தக் குடும்பப் பட்டியலில் கணவரின் தம்பி வரமாட்டார். அதனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். மாடிப் பாகத்தின் மதிப்பு 50 லட்சம் என்று வைத்தாலே 4.5 லட்சம். அடமானம் வைத்த வீடு என்பதால் கடன் கொடுத்தவர்கள் சம்மதமும் வேண்டும். இதையெல்லாம் தாண்டிப் பதிவாகிவிட்டால், பிறகு மனம் மாறி நீங்கள் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது.

கொழுந்தன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் கடையை அடித்துக்கொண்டு போனது அவர் குற்றமல்ல. நீங்கள் உதவியதும் சரிதான். ஆனால் வரிப் பயத்தைக் காட்டி உங்களிடம் இரண்டு கையெழுத்து கேட்கிறார். "மதினி" என்று வந்து நின்றதும் பேனாவை எடுக்கும் பழக்கத்தை நீங்கள் விட்டே ஆகவேண்டும்.

அவர் அடுத்த முறை வரும்போது மகனையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி நிற்கும் 15.8 லட்சமும் நீங்கள் கட்டிய 1,01,200-ம் அவர் தரவேண்டியவை என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். தவணைப் பணம் 5-ஆம் தேதிக்குள் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு அவர் தயங்கினால், கடை எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

மாடி காலியாக இருந்தால் வாடகைக்கு விடுங்கள். 9,000 வந்தாலும் வருடத்துக்கு 1,08,000. வரி போக மீதியை அசலில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் உங்கள் பெயரில் இருக்கும்வரை அது உங்கள் கடன்தான். அப்புறம், வீட்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உங்களுக்கு ஒவ்வொரு முறையும் 227 ரூபாய் மிச்சம்.