கேள்வி பதில்: நானூறு பொருள்களும் ஒரு விளக்கும்

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் இரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றைத் தனியாகச் செய்துவருகிறேன். ஒரே ஒரு தச்சுப்பட்டறைதான் களம் என்றாலும் பொருள்களின் எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிட்டது. ஒழுங்குக்காக மரம், இரும்பு, துணி, விளக்கு என்று கலெக்‌ஷன்கள் (பொருள்களை அடுக்கும் தொகுப்புகள்) பிரித்தேன். மேசைமீது இருப்பவற்றையும் அதன் தலைக்கு மேல் தொங்கும் விளக்கையும் மேசைக்கே பேரன்ட் செய்து, அதாவது மேசையோடு பிணைத்து வைத்தேன். இப்போது மேசையை நகர்த்தினால் விளக்கும் கூடவே போகிறது. தேவையான பொருளைத் தேடி எடுப்பதும் பெரும்பாடாக இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: பேரன்ட் செய்தால், காட்சியின் பொருள்களை வரிசையிடும் அவுட்லைனர் பட்டியலில் பத்து வரிகள் ஒரே வரிக்குள் சுருங்கிக்கொள்வதால், அதை அடுக்கிவைக்கும் பெட்டியாகக் கருதும் பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறது. உங்களுக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது எதனோடு சேர்ந்து நகர வேண்டும் என்பது முதல் கேள்வி. அதற்குப் பேரன்ட் பதில் சொல்லும். இதை எப்போது கண்ணிலிருந்து அகற்ற வேண்டியிருக்கும் என்பது இரண்டாவது. அதற்குக் கலெக்‌ஷன் பதில் சொல்லும். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பேரன்ட்தான் இருக்க முடியும். ஆனால் அதே பொருள் பல கலெக்‌ஷன்களில் இடம்பெறலாம். 2019 ஜூலையில் 2.80 பதிப்பு வரும்வரை பொருள்களைப் பிரிக்க, பெயர் எழுத வழியில்லாத 20 லேயர் கட்டங்களோடு மல்லாடியவர்களுக்கு இந்த வசதியின் அருமை நன்றாகவே தெரியும்.

ஆகவே முதலில் விளக்கை விடுவியுங்கள். ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில், இருக்கும் இடம் மாறாமல் உறவை மட்டும் அறுக்கும் தேர்வு இரண்டாவதாக இருக்கும். மேசைக்கு ஏற்கெனவே கீஃபிரேம் (அசைவின் நிலையைக் குறித்துவைக்கும் புள்ளி) வைத்திருந்தால், மேசை தன் பழைய இடத்தில் நிற்கும் ஃபிரேமுக்குப் போய் இதைச் செய்யுங்கள். நடு ஓட்டத்தில் செய்தால் அந்த ஃபிரேமில் விளக்கு எங்கே இழுபட்டிருக்கிறதோ அங்கேயே தங்கிவிடும். உளி, சுத்தி, அளவுகோல் போன்றவற்றுக்கு மேசையையே பேரன்ட் ஆக்காமல், எம்ப்டி என்ற உருவமற்ற வெற்றுப்பொருள் ஒன்றை நடுவில் வைத்து மேசை உட்பட எல்லாவற்றையும் அதோடு இணைப்பது என் வழக்கம். நாளை மேசையின் வடிவத்தையே மாற்றி வேறொன்றை வைத்தாலும் மற்றவை அசையாமல் இருக்கும்.

மரம், இரும்பு என்ற பிரிவைக் கலைத்துவிடலாம். மரச் சாமான்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மறைக்க வேண்டிய நாள் உங்கள் வேலையில் வரப்போவதில்லை. கேமரா வைக்கும் நாளில் பின்சுவர் குறுக்கே நிற்கும்; பாத்திரத்தை நடிக்கவைக்கும் நாளில் கூரையும் சிறு சாமான்களும் கணினியின் வேகத்தைக் குறைக்கும்; ஒளி அமைக்கும் நாளில் விளக்குகளைத் தனித்தனியே அணைத்துப் பார்க்க வேண்டும். அந்தந்த நாளில் எதை விலக்குவீர்களோ அதுவே ஒரு கலெக்‌ஷன்.

மறைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவுட்லைனரில் உள்ள கண் சின்னம் வியூபோர்ட்டில் (வேலை செய்யும் திரையில்) மட்டும் மறைக்கும். ரெண்டரில், அதாவது கணினி உருவாக்கும் இறுதிப் படத்தில், அந்தப் பொருள் வரும். கேமரா சின்னம் ரெண்டரில் மட்டும் தடுக்கும். கலெக்‌ஷனுக்குப் பக்கத்திலுள்ள கட்டத்தில் டிக்கை எடுத்தால் இரண்டிலிருந்தும் விலகும். உயரம் பார்ப்பதற்காக நான் வைத்திருந்த சாம்பல் நிறப் பலகை ஒன்றைக் கண் சின்னத்தால் மறைத்துவிட்டு, 240 ஃபிரேம்களை இரவு முழுவதும் ரெண்டருக்கு விட்டுத் தூங்கப் போனேன். காலையில் பத்து விநாடிக் காட்சி முழுவதிலும் அந்தப் பலகை நடுநாயகமாக நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து இத்தகைய துணைப்பொருள்கள் அனைத்தையும் ஒரே கலெக்‌ஷனில் போட்டு, அதன் கேமரா சின்னத்தை முதல் நாளே அணைத்துவிடுகிறேன்.

தேடுவது பெரும்பாடு என்கிறீர்கள். பட்டியலில் 'கியூப்.001' முதல் 'கியூப்.187' வரை வரிசையாக நிற்கும் என்று நினைக்கிறேன். பொருளை உருவாக்கியதும் எஃப்2 அழுத்திப் பெயரிடுங்கள். சேர்ந்துபோனவற்றுக்குக் கன்ட்ரோலோடு எஃப்2 அழுத்தினால் மொத்தமாக மாற்றலாம். பட்டியல் அகரவரிசையில் அடுக்கப்படுவதால் 'மேசை_உளி', 'மேசை_சுத்தி' என்று இடத்தை முன்னால் எழுதுவது நல்லது. தமிழிலேயே பெயரிடலாம், ஆனால் சுருக்கமாக இருக்கட்டும். 4-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வோர் உயிர்மெய்க் குறியும் புள்ளியும்கூடத் தனியாக 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'முன்வாசல்_கதவு_கைப்பிடி' என்பது பார்வைக்கு 12 எழுத்துகள்தான். அடிக்கோடுகளையும் சேர்த்தால் 65 பைட். ஆகவே அது 'கைப்பிட' என்று முடிந்து நிற்கும். பாத்திரத்தை அசைக்க அதன் உள்ளே வைக்கும் எலும்புகளுக்கு மட்டும் இடம், வலம் என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் புள்ளியோடு எழுதும் எல், ஆர் முடிவுகளையே வையுங்கள். தோரணையை மறுபக்கத்துக்குப் புரட்டி ஒட்டும் கட்டளை அந்த முடிவுகளைப் பார்த்துத்தான் இணையை அடையாளம் காண்கிறது.

கேள்வி: படத்தின் எல்லா ஷாட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். பட்டறை ஒரு கோப்பு, பாத்திரம் ஒரு கோப்பு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனிக் கோப்பு என்று பிரித்து, ஷாட் கோப்புக்குள் முதல் இரண்டையும் லிங்க் முறையில் (மூலக் கோப்பைச் சுட்டிக்காட்டி) கொண்டுவாருங்கள். அப்பெண்ட் முறையில் எடுத்தால் தனிப் பிரதி ஒன்று உள்ளே வந்துவிடுவதால், பட்டறைச் சுவரின் நிறத்தை மாற்றும்போது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்ற வேண்டியிருக்கும். லிங்க் செய்த பாத்திரத்தை நேரடியாக அசைக்க முடியாது. அதற்கு லைப்ரரி ஓவர்ரைடு (மூலத்தைத் தொடாமல் இந்தக் கோப்பில் மட்டும் மாற்றும் ஏற்பாடு) செய்ய வேண்டும். கோப்புறையை வேறு கணினிக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், லிங்க் பாதைகள் ரிலேட்டிவ் முறையில் (ஷாட் கோப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து) இருக்கின்றனவா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.