போர்க்காலத்தில் 'கான்ட்ராபாண்ட்' என்றால் என்ன? தப்பி வந்த அடிமைகளை ஏன் அப்படி அழைத்தார்கள்?

அகராதியில் 'கடத்தல் பொருள்' என்று இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்த ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தவறு என்று பிறகுதான் புரிந்தது. சுங்கத்துக்குத் தெரியாமல் தங்கம் கொண்டுவருவது வேறு விஷயம். போர் நடக்கும்போது துப்பாக்கி, வெடிமருந்து போன்றவை எதிரிக்குப் போனால், நடுநிலை நாட்டுக் கப்பலில் இருந்தாலும் வழிமறித்துப் பறிமுதல் செய்யலாம். அப்படிப் பிடிபடும் சரக்குக்குத்தான் இந்தப் பெயர். உணவு, நிலக்கரி போல ஊருக்கும் படைக்கும் பயன்படுகிறவற்றில்தான் எப்போதும் தகராறு.

மனிதர்கள் மேல் இந்தப் பெயர் விழுந்தது 1861 மே மாதத்தில். அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டிருந்தன; விர்ஜீனியாவும் அவற்றோடு சேர்ந்திருந்தது. ஆனாலும் அதன் கடலோரத்து மன்றோ கோட்டை, அமெரிக்க அரசின் படையான வடக்குப் படையின் வசம் இருந்தது. மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர் சிறு படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தென்படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார்கள். அடுத்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

ஓடிவந்த அடிமையை உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மறுநாளே வெள்ளைக் கொடியுடன் தென்படையின் மேஜர் ஜான் கேரி வந்து மூவரையும் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, பிறகு எங்கள் சட்டத்தை ஏன் கேட்கிறீர்கள் என்று மடக்கினார். இவர்கள் உங்கள் சொத்து என்றால், எங்களைச் சுடும் மேடையைக் கட்டிய சொத்து. பறிமுதல் செய்கிறேன் என்றார்.

கெட்டிக்கார வாதம்தான். ஆனாலும் எனக்கு நெருடுகிறது. மனிதன் ஒரு சொத்து என்பதை மறுக்காமல், அதையே பிடிமானமாகக் கொண்டு அவர்களைக் காப்பாற்றிய வாதம் அது. செய்தி பரவி, சில நாள்களில் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கியதும் அது தடுமாறியது. மண்வெட்டி பிடித்தவனைப் போர்ச் சரக்கு என்று சொல்லலாம். கைக்குழந்தையை எப்படிச் சொல்வது? பட்லரே மே 27-ஆம் தேதிக் கடிதத்தில், பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்வது என்று மேலிடத்திடம் கேட்டார். வந்தவர்களின் மதிப்பு 60,000 டாலர் என்ற கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது. படிக்கும்போது நெஞ்சு கனத்தது.

ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பறிமுதலைச் சட்டமாக்கியது. ஆனால் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று அது வாய்திறந்து சொல்லவில்லை. அதைச் சொல்ல 1862 ஜூலையில் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் தங்கிய முகாம்களுக்குப் பெயர் 'கான்ட்ராபாண்ட் முகாம்'தான்.

'கடத்தல் பொருள்' என்று எழுதினால் யாரோ அவர்களைக் கடத்தி வந்ததாகப் பொருள்படும். அந்த இருட்டில் துடுப்புப் போட்டவர்கள் அவர்களேதான். ஆகவே என் கட்டுரையில் அதை அடித்துவிட்டுப் 'பறிமுதலுக்குரிய போர்ச் சரக்கு' என்று மாற்றினேன். மூலத்தில் 'மூன்று அடிமைகள்' என்று மட்டும் இருந்த இடத்தில், அடிக்குறிப்பாக மூவரின் பெயரையும் சேர்த்தேன்.