எல்லாருக்கும் ஒரே புராஜெக்ட்டா?

கேள்வி: ஏ.ஐ. சாட்பாட்டிடம் புராஜெக்ட் யோசனை கேட்டால் ஸ்மார்ட் குப்பைத் தொட்டி, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி என்றே சொல்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே பதில்தான். என்ன செய்வது?

பதில்: பொத்தாம்பொதுவாகக் கேட்டால், இணையத்தில் அதிகம் எழுதப்பட்டதுதான் முதலில் வரும். கேள்வியிலேயே கட்டுப்பாடுகளைப் போடுங்கள். 'நாலு வாரம், இரண்டு பேர், ஒரு இ.எஸ்.பி.32 போர்டு, ஒரு அல்ட்ராசானிக் சென்சார். குப்பைத் தொட்டியும் செடியும் வேண்டாம். 20 யோசனை கொடு' என்பதுபோல. (இ.எஸ்.பி.32 என்பது புராஜெக்ட்டை இயக்கும் சிறு கணினி போர்டு; அல்ட்ராசானிக் சென்சார், ஒலியை அனுப்பித் தூரம் அளப்பது.) முதல் பத்தைத் தயங்காமல் தள்ளிவிடலாம். மிச்சத்தில் மூன்றை எடுத்து, 'இது எங்கே சொதப்பும்?' என்று கேளுங்கள். யோசனையைவிட இந்தப் பதில்தான் பெரும்பாலும் உதவும்.

வயரிங்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற அல்ட்ராசானிக் சென்சாரை 5 வோல்ட்டில் ஓட்டினால், அளவை போர்டுக்கு அனுப்பும் அதன் எக்கோ முனையும் 5 வோல்ட் தரும், இ.எஸ்.பி.32 முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. வோல்ட்டைக் குறைக்க, எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்கு எடுங்கள். சாட்பாட் இதை விட்டுவிட்டால் பலியாவது போர்டு. தவிர, 2 செ.மீ.க்குள் இருப்பதை அந்தச் சென்சார் சரியாக அளக்காது. துணி, பஞ்சு எதிரே இருந்தால் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், அளவு தாறுமாறாக வரும்.

கேள்வி: சாட்பாட் தரும் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை ரிப்போர்ட்டில் போடலாமா?

பதில்: தேடி, திறந்து, படித்தவற்றை மட்டும் போடுங்கள். இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பும் ஆண்டும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு.