லிஸ்பனில் இலவசப் பாட்டு

கேள்வி: அடுத்த மாதம் லிஸ்பன் போகிறோம். டூரிஸ்டுகளுக்காக நடத்தும் ஷோ வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் கேட்கும் அசல் ஃபாடோவை, அந்த நாட்டின் பாரம்பரியப் பாட்டை, இலவசமாக எங்கே கேட்கலாம்? (வாசகர், கோவை)

பதில்: போர்ச்சுகல் வரை பறக்கக் காசு இருக்கிறது, பாடுகிறவருக்குக் கொடுக்க மட்டும் இல்லையா? உங்கள் கேள்வியில் அந்த ‘இலவசமாக’தான் என் கண்ணை உறுத்துகிறது.

சாப்பாட்டோடு சேர்த்துக் காசு வாங்கும் ஃபாடோ விடுதி என்றாலே டூரிஸ்டுக்காகப் போட்ட கடை என்று நினைக்கிறார்கள். அது தப்பு. 1926-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு வருடமே, பாடுகிறவர் தொழில் அட்டை வாங்க வேண்டும், பாட்டு வரிகளைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. தெருவிலும் ஒயின் கடையிலும் பாடிக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம்தான் லிஸ்பனின் பைரோ ஆல்டோ பேட்டைப் பக்கம் லைசென்ஸ் வாங்கிய விடுதிகளுக்குள் போனார்கள். 1999-ல் இறந்தபோது நாடே மூன்று நாள் துக்கம் அனுசரித்த ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகஸ், 1939-ல் தொழிலாகப் பாடத் தொடங்கியது அப்படி ஒரு விடுதியில்தான்.

சரி, நீங்கள் தேடுவது ‘ஃபாடோ வாடியு’. டாக்ஸி ஓட்டுபவரோ சமையல்காரரோ எழுந்து வந்து பாடுவது. பைரோ ஆல்டோவில் ‘டாஸ்கா டு ஷிக்கு’ இதற்குப் பேர்போன சின்னக் கடை. பாட வருபவர் வாத்தியக்காரர்களிடம் மெட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், ஒத்திகை அவ்வளவுதான், பழைய மெட்டுகளில் யாப்பு பொருந்தினால் எந்தக் கவிதையையும் ஏற்றிப் பாடலாம். பேரிக்காய் வடிவப் பன்னிரண்டு தந்தி கிட்டார், வாசிப்பவரின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒட்டவைத்த நகம். விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவது நின்றுவிடும், யாராவது பேசினால் பக்கத்து மேஜையே அதட்டும். மூன்று நான்கு பாட்டு முடிந்தால்தான் மறுபடி தட்டு வரும். அங்கேயும் ஒயின்கூட வாங்காமல் நாற்காலியைப் பிடித்துவைத்திருப்பது அநியாயம்.

இதை எழுதும்போதே சென்னை சபாக்கள் மேல் எனக்குள்ள பழைய கோபம் கிளம்புகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே பலமுறை எழுதி, சபாக்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் எழுதுவேன். மிருதங்க வித்வான் தன் ஆயுள் உழைப்பை எடுத்து வைக்கிற அந்த நேரத்தில்தானா கதவு திறந்து திறந்து மூட வேண்டும்? கல்யாண வீட்டில் இன்னும் மோசம்: நாதஸ்வரக்காரர் தோடி ஆலாபனையில் இருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே நின்று, கேட்டரிங்காரரோடு போனில் சண்டை போடுகிறார்கள். பாட்டுக்குக் காசு கொடுக்க யோசிக்கிறவர்களும் காது கொடுக்க யோசிக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆகவே டூரிஸ்ட் இல்லாத இடம் தேடாதீர்கள். யுனெஸ்கோ 2011-ல் ஃபாடோவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கு அப்புறம், லிஸ்பனின் பழைய பேட்டையான அல்ஃபாமாவில் அப்படி இடம் தேடுவது வீண் வேலை. பாட்டின்போது பேசவிடாத இடமாகப் பாருங்கள். பாடும்போதே தட்டைக் கொண்டுவந்து வைத்தால் பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். ரயில் ஏறிப் பல்கலைக்கழக ஊரான கோயிம்ப்ராவுக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் பாடும் ஃபாடோ வேறு வகை. கை தட்டாமல் தொண்டையைச் செருமிப் பாராட்டுவதுதான் அந்த ஊர் பழைய வழக்கம்.