மைக்ல பேசினவர் குற்றவாளியா? (கடிதம்)

வணக்கம் சார்,

அமெரிக்க போலீஸ் சீரியல் லா அண்ட் ஆர்டர் எஸ்வியூ பழைய சீசன் எல்லாம் திரும்பப் போட்டு பாத்துட்டிருக்கேன். நேத்து 2009 டிசம்பர்ல வந்த 'ஆங்கர்' எபிசோட். குடியேறி வந்தவங்க பிள்ளைங்களா பாத்து ஒருத்தன் கொல்றான், அவனோட வக்கீல் கோர்ட்ல, என் கட்சிக்காரனை ஏத்திவிட்டதே இந்த டாக் ஷோ ஆளுதான்னு வாதாடறார். எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. ஆனா ஃப்ரெண்டு, "அப்படிப் பாத்தா நாளைக்கு எவனும் வாயத் தொறக்க முடியாது"ன்னு சண்டைக்கு வர்றான். நீங்க யார் பக்கம்?

ஒரு வாசகன்

பதில்:

வணக்கம். உங்க ஃப்ரெண்டு பக்கம்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. முழுசா இல்ல, முக்காவாசி.

அந்த வாதத்தை யார் வாயில வச்சாங்கன்னு கவனிச்சீங்களா? போலீஸ் சொல்லல, அரசு வக்கீல் சொல்லல. கொலை பண்ணவனை எப்படியாவது வெளிய கொண்டுவரணும்னு நிக்கற வக்கீல் சொல்றார். ஜான் லாரகெட் நடிச்ச அந்த கேரக்டர் லிம்பா, பெக், ஓ'ரைலின்னு அமெரிக்காவுல நிஜமாவே வலதுசாரி டாக் ஷோ நடத்தினவங்க பேரையே இழுத்து, வெறுப்பைப் பரப்பற கேன்சர்ங்கற அளவுக்குப் போகும். கேட்ட பில் ஓ'ரைலி தன் ஷோலயே தயாரிப்பாளர் டிக் உல்ஃபை கிழிகிழின்னு கிழிச்சார். சீரியல்காரங்க என்ன சொல்லலாம், அது கேரக்டர் பேசற டயலாக்ங்க, எங்க கருத்து இல்லன்னு சொல்லலாம். ஆனா ரேடியோக்காரங்க காலங்காலமா சொல்ற சால்ஜாப்பும் கிட்டத்தட்ட இதேதான், நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன், எவனோ போய் செஞ்சதுக்கு நான் என்ன பண்றதுன்னு. இந்த இடத்துல ரெண்டு பேரும் ஒரே கட்சி, அதுதான் எனக்கு சிரிப்பு வந்தது.

அமெரிக்க சட்டம் உங்க ஃப்ரெண்டு பக்கம்தான். 1969ல பிராண்டன்பர்க் வழக்கு, ஒஹாயோ மாநிலத்துல கூ க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்போட தலைவர் ஒருத்தர் கூட்டம் போட்டு பேசினதுக்கு தண்டனை குடுத்தாங்க, சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. உடனடியா சட்டத்தை மீறத் தூண்டற மாதிரியும் இருக்கணும், அது நடக்க வாய்ப்பும் இருக்கணும், அப்பதான் பேச்சு குற்றம். ஸ்டுடியோல உக்காந்து மூணு மணி நேரம் 'இவங்கல்லாம் வந்து நாட்டையே கெடுக்கறாங்க'ன்னு புலம்பினா அதுல மாட்டாது.

அடாவடியா பேசறதே இனவெறின்னும் நினைச்சிடாதீங்க. அமெரிக்காவுல டென்வர் நகரத்துல கேஓஏ ரேடியோ ஸ்டேஷன்ல ஆலன் பெர்க்னு ஒருத்தர் இருந்தார், யூதர், முன்னாள் வக்கீல், போன் பண்றவங்களை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு பட்டுனு லைனை கட் பண்ணுவார். அவர்கிட்ட அதிகம் அடி வாங்கினது இனவெறிக்காரங்கதான். 1984 ஜூன் 18 ராத்திரி வீட்டு வாசல்ல காரை விட்டு இறங்கும்போதே சுட்டுட்டாங்க. செஞ்சது 'தி ஆர்டர்'ங்கற வெள்ளை இனவெறி கும்பல். 1987ல ரெண்டு பேருக்கு தண்டனை ஆச்சு, அதுவும் கொலைக் கேஸ்ல இல்ல, அவரோட சிவில் உரிமையைப் பறிச்சாங்கன்னு ஃபெடரல் கோர்ட்ல. வாய்த்துடுக்குக்கு சட்டம் போட்டா முதல்ல மாட்டறது பெர்க் மாதிரி ஆளுங்களாத்தான் இருக்கும்.

சரி, மீதி கால்வாசி. லைவ் ரேடியோன்னு சொல்றாங்களே, அது நிஜமாவே லைவ் கிடையாது. பொதுவா ஏழு செகண்ட் மாதிரி தள்ளித்தான் நம்ம காதுக்கு வரும், கெட்ட வார்த்தை வந்துட்டா அந்த கேப்ல ஒரு பட்டனை அமுக்கி முழுங்கிடலாம். யார் போனை எடுக்கறது, யாரை வெயிட்டிங்லயே விடறதுன்னு முடிவு பண்ணவும் தனியா ஒரு ஆள் உக்காந்திருப்பாங்க. இத்தனையும் கையில வச்சுக்கிட்டு 'வாய் தவறி வந்துடுச்சு'ன்னா எப்படிங்க? பட்டன் உன்கிட்டதானய்யா இருக்கு. எபிசோட்ல வக்கீல் பழி போடறது மைக்ல பேசின அந்த ஒருத்தர் மேலதான், ஸ்டேஷன் முதலாளி, ஸ்பான்சர் பத்தி பேச்சு பெருசா இல்ல. எனக்கு அதுதான் குறை.

ஏன்னா நிஜத்துல அடி விழறது அங்கதான். 2007 ஏப்ரல் 4ம் தேதி அமெரிக்க ரேடியோ தொகுப்பாளர் டான் ஐமஸ், ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீமை, அவங்க முடியை வச்சு இனரீதியா கேவலமா பேசினார். எந்தக் கோர்ட்டும் கூப்பிடல. விளம்பரம் குடுத்தவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, 12ம் தேதி அவர் வேலை பாத்த சிபிஎஸ் ரேடியோ அவரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. எட்டே நாள்.

டிசம்பர்ல வேற ஸ்டேஷன்ல வந்து உக்காந்துட்டார், அது வேற விஷயம்.