கல்லூரிக்கு ஏ ப்ளஸ், சரி... பாடப்பிரிவுக்கு?

கேள்வி: மகள் இரண்டாம் பி.யு. (பிளஸ் டூ) முடித்துவிட்டாள். சிஇடி நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்துப் பார்த்தால், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு கிடைக்கும் போலிருக்கிறது. வாசலில் 'நாக் ஏ ப்ளஸ்' என்று பெரிய பலகை. என்.பி.ஏ. இருக்கிறதா என்று கேட்டால், "இரண்டும் ஒன்றுதான் சார்" என்கிறார்கள். ஒன்றுதானா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஒன்றே இல்லை. அப்படிச் சொல்லி அனுப்பியது தப்பு. நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு), நம் ஊர் நாகர்பாவியில் இருக்கும் அமைப்பு; முழுக் கல்லூரியையும் சேர்த்துப் பார்த்து தரம் போடுகிறது. டெல்லியில் இருக்கும் என்.பி.ஏ. (தேசிய தரச்சான்று வாரியம்) பார்ப்பது ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாக. இரண்டுமே 1994இல் தொடங்கியவை, அதனால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் உள்ள பிரிவுக்கு இருக்காது. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ஒப்புதல் என்று இன்னொன்றைக் காட்டுவார்கள், அது பாடம் நடத்த அனுமதி மட்டும்தான், தரச் சான்று அல்ல.

செயற்கை நுண்ணறிவு போன்ற புதுப் பிரிவுகளில் இன்னொரு சங்கதி உண்டு. குறைந்தது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியே வந்த பிறகுதான் என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கவே முடியும். ஆக, நேற்றுத் தொடங்கிய பிரிவுக்குச் சான்று இல்லை என்பதாலேயே அது மோசம் என்று ஆகிவிடாது, ஆனால் "இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நிச்சயம் சந்தேகப்படுங்கள். அந்த மாதிரிப் பிரிவுக்கு, அதே கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சான்று உண்டா, அந்த ஆசிரியர்களே இங்கேயும் வகுப்பு எடுக்கிறார்களா, லேப் தனியாக உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகள் நாலு பேரிடம் கேன்டீனில் பேசினால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தேதியையும் பார்க்க மறக்காதீர்கள். என்.பி.ஏ. சான்று 3 ஆண்டுக்கோ 6 ஆண்டுக்கோதான். என் அக்கா மகனைச் சேர்த்தபோது நாங்கள் பலகையை மட்டும் நம்பினோம், அவன் இரண்டாம் ஆண்டு போன பிறகுதான் அவனுடைய பிரிவுக்குச் சான்று காலாவதியாகி, புதுப்பிக்காமலே கிடந்தது தெரிந்தது. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் போகவில்லை. என்.பி.ஏ. இணையதளத்தில் கல்லூரி பெயர், பிரிவின் பெயர், எந்தக் கல்வியாண்டு வரை என்று எல்லாம் போட்டிருக்கும். பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பையன் சிவில் படிக்கிறான், பிறகு கனடா போக ஆசைப்படுகிறான். என்.பி.ஏ. இருந்தால் அங்கே மதிப்பார்களா?
– வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: பொறியியல் படிப்புகளின் தரச் சான்றை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது, கனடாவும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் பலன் என்.பி.ஏ. 'டயர் 1' வகையில் சான்று பெற்ற பிரிவுகளுக்கு மட்டும்தான், அந்த வகை பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. வி.டி.யு.வோடு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இணைந்த, தன்னாட்சி இல்லாத சாதாரணக் கல்லூரி என்றால் 'டயர் 2'தான் கிடைக்கும். பையன் பிரிவு எந்த டயர், அவன் பட்டம் வாங்கும் ஆண்டும் சான்றுக் காலத்துக்குள் வருகிறதா என்று இப்போதே கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அங்கே பொறியாளராகப் பதிவு செய்ய அவர்கள் கேட்கும் அனுபவமும் தேர்வும் தனி, அது இந்தச் சான்றோடு முடிந்துவிடாது.