நீங்கள் தேடும் தொடர் ‘கிரௌன் கோர்ட்’

அன்பரே, பள்ளிக்குச் செல்லாமல் காய்ச்சலில் படுத்திருந்த பிற்பகல்களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பார்த்த நீதிமன்றத் தொடரின் பெயர் மறந்துவிட்டதென்றும், அது ‘ரம்போல் ஆஃப் தி பெய்லி’யாக இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். அது ரம்போல் அன்று. ரம்போலில் வழக்கறிஞரின் இல்லற வாழ்வுக்கும் பெரும்பங்கு உண்டு. கதை ஏறத்தாழ முழுவதும் நீதிமன்ற அறைக்குள்ளேயே நடந்ததென்றும், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் நடுவர் குழுவினர் (ஜூரி) நடிகர்களைப் போலவே தோன்றவில்லையென்றும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது கிரனாடா நிறுவனம் தயாரித்து 1972 முதல் 1984 வரை ஒளிபரப்பான ‘கிரௌன் கோர்ட்’ தான்.

ஃபுல்செஸ்டர் என்னும் கற்பனை ஊரில் நிகழும் அத்தொடரில், ஒரு வழக்கு பெரும்பாலும் மூன்று அரைமணிப் பகுதிகளாக நீளும். நடுவர்களுள் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்ட பொதுமக்கள். வசனம் பேச வேண்டியிருந்த தலைவர் மட்டும் நடிகர். தீர்ப்பு உண்மையிலேயே அவர்கள் கையில் இருந்ததால், குற்றவாளி என்றும் நிரபராதி என்றும் இரண்டு முடிவுகளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. அரங்கின் எளிமையையும் மீறி நம்மைக் கட்டிப்போட்டது இந்த ஏற்பாடுதான் என்பது என் எண்ணம்.

சில தொகுதிகள் டிவிடியாக வெளிவந்துள்ளன. ஒவ்வொரு வழக்குக்கும் தனித் தலைப்பு உண்டு என்பதால், உங்கள் நினைவிலுள்ள குற்றச்சாட்டையும் இங்கே எழுதினால் தேடுவது எளிதாகும்.